மருந்துக்கூர்க்கன்: ஒரு வேரும் செல்லின் கட்டளைகளும்

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம், தலைவாசல் வழியாக ஆத்தூர் போகும் சாலைக்கு வடக்கே கல்வராயன் மலை கூடவே வருகிறது. அந்தப் பக்கத்துக் கொல்லைகளில் மரவள்ளியும் மக்காச்சோளமும் பருத்தியும்தான் வழக்கம். கிணற்றுத் தண்ணீர் உள்ள செம்மண் நிலங்களில் சில பருவங்களில் இன்னொரு செடியும் தென்படும். தடித்த இலை, நீல ஊதாப் பூ. கசக்கி முகர்ந்தால் கற்பூரவள்ளிக்குச் சொந்தம் என்று தெரிந்துவிடும். அதுதான் மருந்துக்கூர்க்கன். நுனிக்கொழுந்தை மூன்று நான்கு இணை இலையோடு வெட்டி நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். ஐந்தாறு மாதத்தில் மண்ணுக்கடியில் கிழங்கு கொத்தாகத் திரளும். பிடுங்கி, நறுக்கி, காயவைத்து, சாக்கில் கட்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

வாங்குகிறவருக்குத் தேவை கிழங்கு அல்ல, அதற்குள் இருக்கும் ஃபோர்ஸ்கோலின் என்ற ஒரே ஒரு மூலக்கூறு. காய்ந்த கிழங்கு 100 கிலோவில் அது அரைக் கிலோ தேறினால் நல்ல சரக்கு. மீதியெல்லாம் சக்கை.

இதே பேரினத்தைச் சேர்ந்த சிறுகிழங்கைத் திருநெல்வேலிப் பக்கம் பொங்கலுக்குச் சமைக்கிறார்கள். மருந்துக்கூர்க்கனையே குஜராத்தில் ஊறுகாய் போடுகிறார்கள். நம் பக்கத்தில் இதை யாரும் அடுப்பில் ஏற்றியதில்லை. இந்தக் கிழங்கின் சாறு அடைத்த காப்ஸ்யூல் உறைகள் 'தொன்மையான இந்திய மூலிகை' என்று பெருமை பேசுகின்றன. இங்கே இது வணிகப் பயிராக வந்தது ஆய்வகத்தில் அந்த மூலக்கூறு அடையாளம் காணப்பட்ட பிறகுதான். கல்வராயன் மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி விற்பது கடுக்காய். கூர்க்கன் அவர்கள் சொல்லி நாம் அறிந்ததல்ல. வேதியியல் கேட்டது, வயல் விளைவித்தது.

அந்த வேதியியல் இந்தியாவில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1970களில் மும்பையில் ஹெக்ஸ்ட் இந்தியா நிறுவனத்தின் ஆய்வு மையமும் லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையமும் நாட்டு மூலிகைகளை ஒவ்வொன்றாகச் சாறு எடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தன. இரண்டு இடத்திலும் இந்தக் கிழங்கின் சாறு விலங்குகளின் இரத்த அழுத்தத்தைக் குறைத்தது. மும்பையில் அதற்குப் பொறுப்பான பொருளை ஃபோர்ஸ்கோலின் என்றார்கள், லக்னோவில் கோலியோனால் என்றார்கள். அமைப்பு பற்றிச் சில ஆண்டுகள் கருத்து வேறுபாடு இருந்து, கடைசியில் இரண்டும் ஒன்றே என்று தெளிவானது. மும்பைக் குழு அமைப்பை வெளியிட்ட ஆண்டு 1977. கட்டுரையின் முதல் பெயர் சுஜாதா வி. பட். அவரோடு நோயல் டிசூசா. இந்த இரு பெயர்களும் கீழே இன்னொரு முறை வரும்.

ஒரு கிழங்குச் சாறு ஏன் இரத்தக் குழாயைத் தளர்த்த வேண்டும்? விடை செல்லின் மேற்சவ்வில் இருக்கிறது. அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் பெரும்பாலும் செல்லுக்குள் நுழைவதில்லை. வெளியே உள்ள ஏற்பியில் ஒட்டிக்கொள்கின்றன; உள்ளே ஜி புரதம் கிளம்புகிறது; அது அடினைல் சைக்ளேஸ் என்ற நொதியை முடுக்குகிறது; நொதி சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறைக் கொட்டுகிறது. ஹார்மோன் வெளியிலேயே நிற்க, அதன் கட்டளையை உள்ளே கொண்டு போவது இந்தச் சிறு மூலக்கூறுதான். இதைக் கண்டுபிடித்த ஏர்ல் சதர்லேண்டுக்கு 1971-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஜி புரதங்களுக்காக ஆல்ஃப்ரெட் கில்மனும் மார்ட்டின் ராட்பெல்லும் 1994-ல் பெற்றார்கள். இடையில், 1981-ல், கென்னத் சீமனும் ஜான் டேலியும் ஃபோர்ஸ்கோலின் இந்த வரிசை முழுவதையும் தாண்டி நேராக அடினைல் சைக்ளேஸைப் போய்ப் பிடிக்கிறது என்று காட்டினார்கள். ஹார்மோன் வேண்டாம், ஏற்பி வேண்டாம். அன்றிலிருந்து இன்றுவரை செல் ஆய்வகங்களில் சைக்ளிக் ஏ.எம்.பி.யை உயர்த்த வேண்டுமென்றால் முதலில் எடுக்கும் குப்பி இதுதான்.

1997-ல் கில்மன் குழுவினர் அந்த நொதியின் படிக அமைப்பை வெளியிட்டபோது காரணமும் புரிந்தது. அடினைல் சைக்ளேஸின் வேலை செய்யும் பகுதி இரண்டு துண்டுகளால் ஆனது. துண்டுகள் சேர்ந்து நின்றால்தான் வேலை நடக்கும். இரண்டுக்கும் நடுவில் எண்ணெய்ப் பசையான ஒரு பள்ளம். அதில் ஃபோர்ஸ்கோலின் உட்கார்ந்து, நுகத்தடியையும் ஏர்க்காலையும் சேர்த்துக் கட்டும் கயிறுபோல இரண்டையும் இறுக்குகிறது.

இவ்வளவு அருமையான மூலக்கூறு ஏன் அப்படியே மருந்தாகவில்லை? முதல் தடை, அது தண்ணீரில் கரையாது. இதயம் தளர்ந்து கிடக்கும் நோயாளிக்கு நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டிய மருந்து கரையாவிட்டால் பயனில்லை. இரண்டாவது தடை, அது போகிற இடம் ஒன்றல்ல. செல்லுக்குள் குளுக்கோஸை எடுத்துச்செல்லும் புரதத்திலும் ஒட்டிக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கிறது. ஆகவே மூலக்கூறைத் திருத்த வேண்டியிருந்தது.

சிறு திருத்தம் என்ன செய்யும் என்பதைக் கள்ளக்குறிச்சிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற சாராயத்தில் இருந்தது மெத்தனால். எத்தனாலிலிருந்து ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் குறைந்தால் மெத்தனால். கல்லீரலில் இரண்டையும் கையாளுவது ஒரே நொதி. எத்தனாலை அது அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக்கி, அது பிறகு ஃபார்மிக் அமிலமாகி, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதையே நிறுத்திப் பார்வை நரம்பைக் கருக்குகிறது. இதற்கு முறிவாகத் தரப்படும் ஃபோமெபிசோல் அந்த நொதியின் வேலைப் பள்ளத்தை அடைத்துக்கொள்ளும் ஒரு சிறு மூலக்கூறு. நஞ்சு ஆவதும் நஞ்சை முறிப்பதும் ஓரிரு அணுக்களின் கணக்கு.

ஃபோர்ஸ்கோலினில் எந்த இடத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று வேதியியலாளர்கள் ஒவ்வொரு மூலையாகச் சோதித்தார்கள். ஒன்றாம் கார்பனிலும் ஒன்பதாம் கார்பனிலும் உள்ள ஹைட்ராக்சில்களை எடுத்துவிட்டால் அடினைல் சைக்ளேஸ் அசையாது. ஆனால் அந்த ஊனமான மூலக்கூறும் குளுக்கோஸ் புரதத்தைத் தடுத்துக்கொண்டுதான் இருந்தது. இது ஆய்வகத்துக்கு நல்ல ஆயுதமானது. ஃபோர்ஸ்கோலின் கொடுத்ததால் ஒரு மாற்றம் நடந்தால், அதே மாற்றம் இந்த ஊனமான மூலக்கூறிலும் நடக்கிறதா என்று பார்க்கலாம். நடந்தால் பெருமை சைக்ளிக் ஏ.எம்.பி.க்கு அல்ல. 1980களின் பல அவசர முடிவுகள் இந்தச் சோதனையில் அடிபட்டுப் போயின.

ஆறாம் கார்பனும் ஏழாம் கார்பனும் தாராளமானவை. ஜப்பானின் நிப்பான் கயாகு நிறுவனம் ஆறாம் இடத்தில் நைட்ரஜன் உள்ள ஒரு குறுஞ்சங்கிலியைக் கோத்து உப்பாக மாற்றியது. தண்ணீரில் கரைந்தது, நொதியையும் முடுக்கியது. கோல்ஃபோர்சின் டாரோபேட் என்ற பெயரில் 1999-ல் கடும் இதயத் தளர்ச்சிக்கான ஊசிமருந்தாக ஜப்பானில் அங்கீகாரம் பெற்றது. செடி இந்தியாவினுடையது, கண்டுபிடிப்பு மும்பையினுடையது, மருந்து டோக்கியோவினுடையது. ஹெக்ஸ்ட் இந்தியாவும் கரையக்கூடிய வழிப்பொருள்களைச் செய்து பார்த்தது, கண் அழுத்த நோய்க்கு முயன்றது. கடைசிப் படிவரை போகவில்லை.

முடுக்குவது ஒரு கலை, அணைப்பது வேறு கலை. புற்றுநோயில் தேவைப்படுவது பெரும்பாலும் இரண்டாவது. அங்கே செல்லுக்குள் 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் கட்டளை ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டளையைக் கடத்துகிறவை கைனேஸ் என்ற புரதங்கள். ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து அடுத்த புரதத்தின் மேல் ஒட்டுவது இவற்றின் தொழில். மனித உடலில் 500-க்கு மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஏ.டி.பி. உட்காரும் பள்ளம் ஏறத்தாழ ஒரே வடிவம். ஒன்றை மட்டும் அடைத்து மற்றவற்றை விட்டுவைக்க வேண்டும் என்பதுதான் இத்துறையின் நிரந்தரத் தலைவலி.

அதே மும்பை மையம், அதே சுஜாதா பட், அதே டிசூசா. 1980களில் அவர்கள் கையில் எடுத்தது மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வடகிழக்கிலும் வளரும் டைசாக்சைலம் பைனெக்டாரிஃபெரம் என்ற மரம், வெள்ளகிலுக்கு உறவு. அதன் பட்டையிலிருந்து ரோகிட்டுக்கின் என்ற பொருளைப் பிரித்தார்கள். தேடியது வீக்கத்துக்கான மருந்து. அமைப்பையும் முழுச் செயற்கைத் தொகுப்பையும் 1988-ல் வெளியிட்டார்கள். பிறகு ஒரு திருத்தம் நடந்தது. மூலக்கூறின் ஓரத்தில் இருந்த சிறிய மெத்தில் குழுவை நீக்கி, குளோரின் தாங்கிய பென்சீன் வளையத்தை வைத்தார்கள். வந்தது ஃப்ளேவோபிரிடால். இயற்கைப் பொருள் சுமாராகச் செய்த வேலையை இது பல மடங்கு வேகமாகச் செய்தது; புற்றுநோய்ச் செல்கள் பெருக்கத்தை நிறுத்தின.

ஏன் நிறுத்தின என்பது பின்னால்தான் தெரிந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் சோதித்தபோது, செல் பிரியும் நேரத்தை முடிவு செய்யும் சைக்ளின் சார் கைனேஸ்களை, சுருக்கமாக சி.டி.கே., அது அடைக்கிறது என்று 1994-ல் வெளியானது. 1996-ல் பெர்க்லியில் சுங்-ஹோ கிம் குழுவினர் குளோரின் நீக்கிய அதன் உறவு மூலக்கூறை சி.டி.கே. 2-ன் ஏ.டி.பி. பள்ளத்துக்குள் படமெடுத்தார்கள். ஏ.டி.பி.யின் இடத்தில் மூலக்கூறின் வளையம் படுத்திருக்க, புதிதாகச் சேர்த்த பென்சீன் வளையம் ஏ.டி.பி. தொடாத ஒரு மூலைக்குள் நீண்டிருந்தது. மெத்திலை எடுத்து வளையத்தை வைத்ததன் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. மனிதர்களிடம் சோதிக்கப்பட்ட முதல் சி.டி.கே. தடுப்பான் இதுதான். ஈஸ்டிலும் கடல் முள்ளெலியின் முட்டையிலும் இந்தப் புரதங்களைத் தேடிய ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் மூவருக்கும் 2001-ல் நோபல் கிடைத்தபோது, மும்பையில் திருத்தப்பட்ட மூலக்கூறு ஏற்கெனவே நோயாளிகளின் நரம்பில் ஏறிக்கொண்டிருந்தது.

அங்கேதான் சறுக்கியது. தொடக்கச் சோதனைகளில் 24 மணி, 72 மணி என்று மெதுவாகச் செலுத்தினார்கள். பலன் சொற்பம். ஆய்வகக் குடுவையில் செல்கள் வளர்வது கன்றுக்குட்டியின் சீரத்தில். மனித இரத்தப் புரதங்கள் அதைவிட இறுக்கமாக இந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டன. புற்றுச் செல்லுக்குப் போக மிச்சம் இல்லை. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் பேர்டும் உடன் பணியாற்றியவர்களும் அரை மணியில் ஒரு பகுதி, அடுத்த 4 மணியில் மீதி என்று மாற்றினார்கள். 2007-ல் வெளியான முடிவில், பிற மருந்துகளுக்கு மசியாத ஒருவகை நாள்பட்ட இரத்தப் புற்றுநோயாளிகள் 42 பேரில் 19 பேருக்கு நோய் குறைந்திருந்தது. இப்போது வேறு சங்கடம்: செல்கள் ஒரே நேரத்தில் உடைந்து கொட்டியதால் சிறுநீரகத்துக்கும் உயிருக்கும் ஆபத்து. 2014-ல் அமெரிக்காவில் அரிய நோய் மருந்துக்கான தகுதி கிடைத்தது. விற்பனை அங்கீகாரம் வரவில்லை. முதன்முதலாக 2015-ல் அங்கீகாரம் பெற்ற சி.டி.கே. தடுப்பான் பால்போசிக்லிப், முழுக்கச் செயற்கையான வேறொரு மூலக்கூறு. ஃப்ளேவோபிரிடால் பல சி.டி.கே.களை ஒருசேர அடிக்கிறது. பால்போசிக்லிப் 4, 6 என்ற இரண்டை மட்டும் குறிவைக்கிறது. தேர்ந்தெடுத்துத் தடுப்பவன் பிழைத்தான்.

இந்தியாவில் அந்தக் கதை முடிந்துவிடவில்லை. மும்பை முலுண்டில் இருந்த ஹெக்ஸ்ட் ஆய்வு மையத்தை 1998-ல் நிக்கோலஸ் பிரமல் வாங்கியது. ஆறு அணு வளையத்தை ஐந்து அணு வளையமாகச் சுருக்கிய ஒரு வடிவத்தை அவர்கள் மனிதச் சோதனை வரை கொண்டுபோனார்கள். ஜம்முவில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம் மறுபடி ரோகிட்டுக்கினிலிருந்தே தொடங்கி, வாய்வழியாகக் கொடுத்தால் உடலில் சேரக்கூடிய வழிப்பொருளைச் செய்திருக்கிறது. நாற்பது ஆண்டுகளாக ஒரே மரப்பட்டையை இந்த நாடு திருத்திக்கொண்டே இருக்கிறது. நான் இதைத் தோல்வி என்று எழுத மாட்டேன். உலகத்துக்கு சி.டி.கே.யை அடைக்கலாம் என்று நம்பிக்கை தந்ததே அந்தப் பட்டைதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு ரோகிட்டுக்கினைவிட நெருக்கமானது நிலவேம்பு. அதன் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு வேறு தினுசான தடுப்பான். பள்ளத்தில் உட்கார்ந்து எழுந்து போவதில்லை, என்.எஃப். கப்பா பி என்ற வீக்கக் கட்டளைப் புரதத்தின் பி 50 துண்டில் 62-ஆம் இடத்திலுள்ள சிஸ்டீனோடு வேதிப் பிணைப்பாகவே ஒட்டிவிடுகிறது. இது 2004-ல் வெளியானது. அதே ஆண்டில் ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் ஆய்வு நிறுவனத்தார், அதைத் திருத்திச் செய்த டி.ஆர்.எஃப். 3188 மார்பகப் புற்றுச் செல்களை நிறுத்துகிறது என்று எழுதினார்கள். மருந்துக்கடைக்கு அது வந்து சேரவில்லை. சிஸ்டீன் உடலில் எங்கும் இருக்கிறது. கண்டதோடெல்லாம் ஒட்டுகிற குணத்தை அடக்குவது எளிதல்ல. ஆய்வகத்தில் ஒரு புரதத்தை நிறுத்துகிறது என்பதற்காக, ஒன்பது சரக்கு சேர்ந்த நிலவேம்புக் குடிநீர் டெங்குவைக் குணமாக்கும் என்று மேடையில் சொல்லிவிட முடியாது. இரண்டுக்கும் நடுவில் நெடுந்தூரம்.

மறுபடி கூர்க்கனுக்கு வருவோம். இன்று அடிவாரத்துக் கிழங்கின் பெரும்பகுதி போவது இதய மருந்துக்கு அல்ல, எடை குறைக்கும் காப்ஸ்யூலுக்கு. கொழுப்புச் செல்லில் சைக்ளிக் ஏ.எம்.பி. உயர்ந்தால் கொழுப்பு கரையும் என்ற தர்க்கம் குடுவையில் உண்மை. மனிதர்களில்? 2005-ல் பருமனான 30 ஆண்களிடம் 12 வாரம் நடந்த ஆய்வில் கொழுப்பின் விகிதம் குறைந்தது. அதே ஆண்டில் 23 பெண்களிடம் நடந்த ஆய்வில் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. இவ்வளவுதான் அடித்தளம், இதன் மேல்தான் அவ்வளவு பெரிய சந்தை நிற்கிறது. திருத்தப்பட்டு, அளவு பார்க்கப்பட்டு, மருத்துவமனையில் கண்காணிப்போடு ஏற்றப்படும் கோல்ஃபோர்சினும், 10 சதவீதச் சாறு அடைத்த காப்ஸ்யூலும் ஒன்றல்ல. 'இயற்கை' என்ற முத்திரை இங்கே உழைப்பு குறைவு என்பதை மட்டுமே குறிக்கிறது.

ஆபத்தும் ஊகம் அல்ல. பரம்பரையாக வரும் நீர்க்கட்டிச் சிறுநீரக நோயில் கட்டிகளை வளர்ப்பதே சைக்ளிக் ஏ.எம்.பி. ஆய்வகத்தில் அந்தக் கட்டிகளை ஊதிப் பெருக்க ஃபோர்ஸ்கோலினைத்தான் ஊற்றுகிறார்கள். அந்நோய்க்கு ஜப்பானில் 2014-லும் அமெரிக்காவில் 2018-லும் அனுமதிக்கப்பட்ட டால்வாப்டன் செய்வதோ நேர் எதிர்வேலை: சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் கிளப்பும் ஏற்பியை அடைக்கிறது. ஒரே வழியைச் சிலருக்குத் திறக்க வேண்டும், சிலருக்கு மூட வேண்டும். காப்ஸ்யூலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இரத்த அழுத்தத்துக்கோ இரத்தம் உறையாமல் இருக்கவோ மாத்திரை சாப்பிடுகிறவர்களும், வீட்டில் சிறுநீரகக் கட்டி நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

வயலுக்கும் ஒரு சேதி இருக்கிறது. 2017-ல் கோபன்ஹேகன் விஞ்ஞானிகள் இந்தச் செடியின் மரபணுக்களை ஈஸ்டில் ஏற்றி அதையே ஃபோர்ஸ்கோலின் செய்ய வைத்தார்கள். அது மலிவாகும் நாள் வந்தால் கிழங்கு வாங்க லாரி வராது. அதுவரைக்கும் விலை ஏறுவதும் விழுவதுமாகத்தான் இருக்கும். வேர்முடிச்சு நூற்புழுவும் வாடல் நோயும் சேர்ந்து வந்தால் போட்ட பணமும் போகும். ஒப்பந்தம் இல்லாமல் இதை நடுவது சூதாட்டம் என்றே சொல்வேன்.

ஒப்பந்தம் இருந்தாலும் ஒன்று குறைகிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மக்காச்சோளத்தின் ஈரப்பதத்தை விவசாயி கண்ணெதிரே பார்க்கலாம். தன் கிழங்கில் ஃபோர்ஸ்கோலின் 0.2 சதவீதமா 0.5 சதவீதமா என்று அவர் அறிய வேண்டுமானால் ஹெச்.பி.எல்.சி. என்ற கருவி வேண்டும். அது பொதுவாக வாங்குகிறவர் பக்கம்தான் இருக்கிறது. விளைச்சலின் முழு மதிப்பும் அந்த ஒரு எண்ணில் அடங்கியிருக்கும்போது, அதை விற்கிறவரும் தெரிந்துகொண்டு விலை பேச வேண்டும். கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமானது. இப்படி ஒரு கருவியும் அதை இயக்கத் தெரிந்த ஒரு வேதியியல் பட்டதாரியும் கொண்ட பொதுச் சோதனைக் கூடத்தை மாவட்ட நிர்வாகமும் வேளாண்மைத் துறையும் இங்கே அமைத்துத் தர வேண்டும்.